கிராம சபைத் தீர்மானம்: எங்கே செல்லும், எங்கே செல்லாது?

ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற, கிராம சபை கூடும் நாட்களுக்கு மறுநாள் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களைப் புரட்டினால் ஒரே மாதிரியான செய்திகள் வரிசையாக இருக்கும். மதுக்கடையை மூடக் கோரித் தீர்மானம், கல் குவாரிக்கு எதிராகத் தீர்மானம், ஊராட்சியை மாநகராட்சியோடு இணைக்கக் கூடாது என்று தீர்மானம். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் கடை திறந்திருக்கும், குவாரியில் லாரி ஓடிக்கொண்டிருக்கும். தீர்மானம் போட்ட ஊர்க்காரர்கள் ‘அப்புறம் எதற்கு எங்களைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள்?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

இதற்கு இரண்டு பதில்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கிராம சபைத் தீர்மானத்தை உச்ச நீதிமன்றமே மாற்ற முடியாது என்பது ஒன்று. வாட்ஸ்அப்பில் அதிகம் பகிரப்படுவது இதுதான். அது வெறும் காகிதம், அரசு குப்பையில் போட்டுவிடும் என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. ஒரே நாளில், ஒரே கூட்டத்தில், ஒரே புத்தகத்தில் எழுதப்படும் பத்துத் தீர்மானங்களில் சில அதிகாரிகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும், சில வெறும் கோரிக்கையாக நிற்கும். எது எந்தப் பக்கம் விழும் என்பது அந்தப் பொருளை ஆளும் சட்டத்தைப் பொறுத்தது.

பெயர்க் குழப்பம்

நான்கு வகைக் கூட்டங்களை நாம் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கிறோம்.

1. கிராம சபை. ஓர் ஊராட்சியின் எல்லைக்குள் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் சேர்ந்ததே கிராம சபை. அரசியலமைப்பின் 243ஆவது பிரிவு தரும் வரையறை இது. இதற்கு யாரும் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் ஏற்கெனவே உறுப்பினர். இதற்கு ஆயுட்காலமும் கிடையாது. தலைவர் பதவி ஐந்தாண்டில் முடியும், கிராம சபை முடியாது.

2. ஊராட்சி மன்றம். தலைவரும் வார்டு உறுப்பினர்களும் அடங்கிய, தேர்தலில் வந்த அமைப்பு. பணத்தைச் செலவழிப்பதும் உரிமம் கொடுப்பதும் வரி விதிப்பதும் இதன் வேலை. மன்றத்தின் தீர்மானம் வேறு, கிராம சபையின் தீர்மானம் வேறு. செய்திகளில் இரண்டையும் ‘ஊராட்சித் தீர்மானம்’ என்று சேர்த்து எழுதிவிடுவதால் பாதிக் குழப்பம் வருகிறது.

3. ஊர்க்கூட்டம். கோயில் திருவிழாவுக்கோ, ஊர்ப் பிரச்சினைக்கோ பெரியவர்கள் கூட்டுவது. இதற்குச் சட்ட அங்கீகாரம் இல்லை. ஊரை விட்டு ஒதுக்கிவைப்பது, அபராதம் போடுவது என்று இது போகும்போது கட்டப் பஞ்சாயத்து ஆகிவிடுகிறது. அது சட்ட விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே கடுமையாகச் சொல்லியிருக்கிறது.

4. கருத்துக் கேட்புக் கூட்டம். பெரிய ஆலைகள், சுரங்கங்கள் போன்றவற்றுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தருவதற்கு முன் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடப்பது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூட்டும். இங்கே வாக்கெடுப்பு இல்லை, தீர்மானமும் இல்லை. பேசியதைப் பதிவு செய்வார்கள், அவ்வளவுதான். கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டுவிட்டோம், இந்தக் கூட்டத்துக்கு எதற்குப் போக வேண்டும் என்று இருந்துவிடுவது பெரிய தவறு. அனுமதி தரும் குழுவின் மேசைக்குப் போவது இந்தக் கூட்டத்தின் பதிவுதான்.

கூட்டம் செல்லுபடியாக என்ன வேண்டும்?

தமிழ்நாட்டில் நீண்ட காலமாக ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களில் கிராம சபை கூடி வந்தது. 2022இல் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22, உள்ளாட்சிகள் தினமான நவம்பர் 1 ஆகிய இரண்டும் சேர்க்கப்பட்டன. ஆனால் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கட்டாயப்படுத்துவது இதைவிடக் குறைவு: இரண்டு கூட்டங்களுக்கு நடுவே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது, அவ்வளவே. மீதி நாட்கள் அரசின் நிர்வாக முடிவுகள். அதனால்தான் 2020 அக்டோபர் 2ஆம் தேதிக் கூட்டத்தைக் கொரோனாவைக் காரணம் காட்டி முந்தின நாளில் நிறுத்த முடிந்தது.

ஏழு நாட்களுக்கு முன்பே அறிவிப்பு கொடுக்க வேண்டும். பல குக்கிராமங்கள் சேர்ந்த ஊராட்சி என்றால் ஒவ்வொரு கூட்டமும் ஒரே இடத்தில் நடக்காமல் சுழற்சியில் மாறி மாறி நடக்க வேண்டும். மதச் சார்புள்ள வளாகத்தில் நடத்தக் கூடாது. தலைவர்தான் தலைமை தாங்குவார், அவர் இல்லாவிட்டால் துணைத் தலைவர். அரசு அனுப்பும் பற்றாளர் அங்கே பார்வையாளர் மட்டுமே. ‘இதைத் தீர்மானமாக எழுத முடியாது’ என்று தடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. பல ஊர்களில் இந்த ஒரு விஷயம் தெரியாததாலேயே தீர்மானம் ஏறாமல் போகிறது.

குறைந்தபட்ச வருகைக்கும் அளவு உண்டு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். 9,000 பேர் வாழும் ஊராட்சியில் 200 பேர் வந்தால் போதும் என்பது மிகக் குறைந்த அளவுதான். அதுகூடச் சேராமல், பிறகு வீடு வீடாகப் போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவது நடக்கிறது. அப்படி உருவான தீர்மானத்தை வைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் தொடும் இடம் அந்தப் பதிவேடாகத்தான் இருக்கும்.

அதிகாரத்தின் ஊற்று

73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. தேர்தலை ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடத்துவது, இட ஒதுக்கீடு, மாநிலத் தேர்தல் ஆணையம், மாநில நிதி ஆணையம் ஆகியவற்றை அது பெரும்பாலான மாநிலங்களுக்குக் கட்டாயமாக்கியது. கிராம சபையைப் பற்றிப் பேசும் 243ஏ பிரிவில் மட்டும் சொல் மெலிந்துவிடுகிறது. மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்றி எந்த அதிகாரங்களைத் தருகிறதோ, அவற்றைக் கிராம சபை செலுத்தலாம் என்கிறது அது.

இந்த ஒரு வரியைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் விளங்கும். கிராம சபையின் இருப்பை அரசியலமைப்பு உறுதி செய்கிறது. அதன் அதிகாரத்தை உறுதி செய்யவில்லை, அதை மாநிலத்தின் கையில் விட்டுவிட்டது. கேரளத்தில் ஒரு மாதிரி, தமிழ்நாட்டில் ஒரு மாதிரி என்று வேறுபடுவதும் இதனால்தான். தமிழ்நாட்டுச் சட்டம் கொடுத்திருப்பவை: ஊராட்சியின் திட்டத்துக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல், தணிக்கை அறிக்கையைப் பார்ப்பது, திட்டங்களின் முன்னேற்றத்தை ஆராய்வது. குவாரி, விமான நிலையம், மதுக்கடை ஆகியவை இந்தப் பட்டியலில் இல்லை.

அதைத் தவிர, நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டங்கள் சில இடங்களில் கிராம சபைக்கு நேரடியாக அதிகாரம் தருகின்றன. ஆக, எந்தத் தீர்மானத்தைப் பற்றியும் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான். இந்த விஷயத்தில் கிராம சபையைக் கேட்க வேண்டும் என்று ஏதாவது ஒரு சட்டம் சொல்கிறதா?

மூன்று வகைத் தீர்மானங்கள்

1. சட்டம் கேட்கச் சொல்லும் தீர்மானம். கிராம சபை ‘சரி’ என்று சொல்லாமல் அடுத்த படிக்குப் போக முடியாதவை. ஊராட்சியின் ஆண்டுத் திட்டம், பிரதமரின் ஊரக வீடு கட்டும் திட்டத்தில் பயனாளிகள் பட்டியலைச் சரிபார்ப்பது, வன உரிமைக் கோரிக்கைகள் ஆகியவை இந்த வகை.

2. ஊராட்சி மன்றத்தின் கைக்கு எட்டியவற்றைப் பற்றிய தீர்மானம். தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், குப்பை, ஊராட்சிச் சாலை, ஊராட்சி வழங்கும் உரிமங்கள். நிறைவேற்ற வேண்டியவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். மறுத்தால் அடுத்த கூட்டத்தில் எழுந்து கேட்கலாம்.

3. வேறு அரசுத் துறைகளின் கையில் உள்ளவற்றைப் பற்றிய தீர்மானம். மதுக்கடை, தேசிய நெடுஞ்சாலை, கனிமச் சுரங்கம், ஊராட்சிகளை நகர்ப்புறத்தோடு இணைப்பது போன்றவை. சட்டத்தின் பார்வையில் இது கோரிக்கை மட்டுமே. அதற்காக மதிப்பில்லை என்று அர்த்தமில்லை. அந்த மதிப்பு வேறு வழியில் வேலை செய்கிறது.

ஒரு விஷயம் கூடவே நினைவிருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் ஊராட்சிகளின் ஆய்வாளரும்கூட. ஊராட்சி தன் அதிகாரத்தை மீறியதாக அவர் கருதினால், தீர்மானத்தை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ சட்டத்தில் அவருக்கு வழியிருக்கிறது. ‘யாராலும் மாற்ற முடியாது’ என்ற வாட்ஸ்அப் செய்தி இங்கேயே பொய்யாகிவிடுகிறது.

நியமகிரி, அரிட்டாபட்டி, ஏகனாபுரம்

ஒடிசாவின் நியமகிரி மலையை டோங்கிரியா கோந்த் பழங்குடி மக்கள் தெய்வமாக வணங்குகிறார்கள். அந்த மலையில் வேதாந்தா நிறுவனத்தின் அலுமினிய ஆலைக்காக பாக்சைட் வெட்டத் திட்டமிட்டார்கள். 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் இதைக் கிராம சபைகளின் முடிவுக்கு அனுப்பியது. காரணம், அங்கே இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்று, அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகளுக்கான 1996ஆம் ஆண்டின் ஊராட்சி விரிவாக்கச் சட்டம். மற்றது, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். அந்த ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கூடிய 12 கிராம சபைகளும் ஒன்று விடாமல் மறுத்தன. 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சுரங்கத்துக்கு வன அனுமதி தர மறுத்தது. கிராம சபை ஒரு பெருநிறுவனத்தைத் தடுத்து நிறுத்தியது என்று சொல்லும்போது எல்லோரும் எடுத்துக்காட்டுவது இதைத்தான். ஆனால் தடுத்த பலம் அந்த இரண்டு சட்டங்களிலிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதியே கிடையாது. அதனால் 1996ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே செல்லாது. வன உரிமைச் சட்டம் செல்லும். அதற்கான கிராம சபைக்கு விதிகளும் வேறு: உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும்.

மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியின் கதை வேறு மாதிரி. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் ஏறத்தாழ 2,015 ஹெக்டேர் நிலத்தை மத்திய அரசு ஏலம் விட்டது. 2024 நவம்பரில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் ஏலத்தில் தேர்வானது. 2022இலேயே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்திருந்த பகுதியும் அந்தத் தொகுதிக்குள் வந்தது. நவம்பர் 1ஆம் தேதியிலிருந்து தள்ளிவைக்கப்பட்ட கிராம சபை நவம்பர் 23 அன்று கூடியபோது, மேலூர் வட்டாரத்தின் பல ஊர்கள் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டன. சட்டக் கணக்கில் பார்த்தால் இவை மூன்றாம் வகை. 2023இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டம், டங்ஸ்டன் போன்ற முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசிடமே கொடுத்துவிட்டது. கிராம சபையைக் கேட்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் தீர்மானங்கள் நகர்ந்தன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமே எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஜனவரியில் மேலூர்ப் பகுதி மக்கள் மதுரைக்குப் பேரணியாக வந்தார்கள். அந்த மாதமே ஏலம் ரத்தானது. இங்கே கிராம சபை செய்த வேலை, ஊரின் எதிர்ப்பைத் தேதியும் கையெழுத்தும் உள்ள ஆவணமாக்கியது. போராட்டக்காரர்கள் நாலு பேர் என்று யாரும் சொல்லிவிட முடியாத நிலையை அது உண்டாக்கியது.

மூன்றாவது ஊர், காஞ்சிபுரம் மாவட்டம் ஏகனாபுரம். பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக 2022 ஆகஸ்டிலிருந்து அந்த ஊரின் கிராம சபை திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டது. 2025இல் மத்திய அரசு அந்தத் திட்டத்துக்குக் கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. ஏன் தீர்மானங்கள் தடுக்கவில்லை? நாடு முழுவதற்குமான 2013ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டத்தில் ஊராட்சியைக் கலந்து பேசும் சமூகத் தாக்க மதிப்பீடு இருக்கிறது. அரசும் தனியாரும் சேர்ந்த திட்டம் என்றால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 70 சதவீதத்தினர் ஒப்ப வேண்டும். ஆனால் இங்கே நிலம் எடுக்கப் பயன்படுவது தொழில் நோக்கங்களுக்கான 1997ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம். அதற்கு இந்தப் படிகளிலிருந்து விலக்கு உண்டு. அந்த விலக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் ரத்து செய்தது. சட்டமன்றம் உடனே புதுச் சட்டம் இயற்றி அதை மீட்டது. 2021இல் உச்ச நீதிமன்றம் அந்தப் புதுச் சட்டம் செல்லும் என்றது. ஏகனாபுரத்து மக்களின் குரல் பலவீனமானது என்று நான் நினைக்கவில்லை. அந்தக் குரல் நுழைய வேண்டிய கதவைச் சட்டம் முன்பே அடைத்துவிட்டது. மாற்ற வேண்டியது அந்த விலக்கைத்தான்.

மதுக்கடைத் தீர்மானம் மட்டும் ஏன் ஓயவில்லை?

2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக்கிடம் இருக்கிறது. நெடுஞ்சாலையோரக் கடைகளை அகற்ற 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபின், பல கடைகள் ஊருக்குள் இடம் தேடி வந்தன. அப்போது பெண்கள் முன்னின்று போட்ட கிராம சபைத் தீர்மானங்கள் ஏராளம். நீதிமன்றங்களில் இவை வழக்குக்கு வழக்கு வேறு வேறு விதமாகப் பார்க்கப்பட்டன.

விதியில் பிடிப்பு இல்லாமல் இல்லை. 2003ஆம் ஆண்டின் சில்லறை விற்பனை விதிகளின்படி, மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் கோயில், பள்ளி போன்றவற்றிலிருந்து 50 மீட்டருக்குள்ளும், மற்ற பகுதிகளில் 100 மீட்டருக்குள்ளும் கடை இருக்கக் கூடாது. ஆக, ‘எங்கள் ஊருக்கு மதுக்கடை வேண்டாம்’ என்று மட்டும் எழுதினால் அது கோரிக்கை. ‘இந்தச் சர்வே எண்ணில் உள்ள கடை, அரசுத் தொடக்கப் பள்ளியின் வாசலிலிருந்து இத்தனை மீட்டரில் உள்ளது, எனவே விதிமீறல்’ என்று எழுதினால் அது புகார். அதற்கு அதிகாரி பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

யாரும் கேட்காத அதிகாரம்: கணக்கு

என் பார்வையில் கிராம சபையின் உண்மையான பலம் மேலே சொன்ன எதிலும் இல்லை. கணக்கில் இருக்கிறது.

ஒவ்வொரு கூட்டத்திலும் ஊராட்சியின் வரவு செலவைப் படிவம் 30 என்ற தாளில் எழுதி மக்கள் முன் வைத்து ஒப்புதல் வாங்க வேண்டும். வீட்டு வரி எவ்வளவு வந்தது, குடிநீர்க் கட்டணம் எவ்வளவு, மோட்டார் பழுதுக்கு எவ்வளவு, தெருவிளக்குக்கு எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலான ஊர்களில் ஊராட்சிச் செயலர் ஒரே மூச்சில் வாசித்து முடிக்க, யாரோ கைதட்ட, அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறார்கள். அந்த மூன்று நிமிடத்தில்தான் ஊர் தன் பெரிய உரிமையைக் கைவிடுகிறது.

இங்கே கேட்கும் கேள்விக்கு உடனே பலன் உண்டு. காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறார்கள், இருவரும் எதிரில் இருப்பார்கள். ‘மேலத்தெரு ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கு ஒரே ஆண்டில் நான்கு தடவை பழுதுச் செலவு வந்திருக்கிறதே, ரசீதுகளைக் காட்டுங்கள்’ என்று ஒருவர் கேட்டு, அந்தச் செலவை ஏற்கவில்லை என்று தீர்மானத்தில் எழுதச் செய்தால், தணிக்கைக்கு வருபவர் அதைத் தாண்டிப் போக முடியாது.

2021-26 காலத்துக்கு மத்திய அரசு ஊராட்சிகளுக்கு ஒதுக்கிய பதினைந்தாவது நிதி ஆணைய மானியத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். அதில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிடக் கூடியது, 40 சதவீதத்தை ஊரே தேர்ந்துகொள்ளலாம் என்று வகுத்திருந்தார்கள். அந்த 40 சதவீதத்தில் எந்தத் தெருவுக்கு என்ன என்பதை முடிவு செய்யும் இடம் ஊராட்சி வளர்ச்சித் திட்டம் பேசப்படும் கிராம சபை. அன்றைக்கு ஒரு குடியிருப்பிலிருந்து யாரும் வராவிட்டால், அந்தக் குடியிருப்புக்குச் சாலையும் வராது.

2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் இன்னொரு படி மேலே போனது. நூறு நாள் வேலையின் சமூகத் தணிக்கையை நேரடியாகக் கிராம சபையிடம் ஒப்படைத்தது. வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர்களையும், வெட்டிய குளத்தின் அளவையும், வங்கிக் கணக்கில் ஏறிய கூலியையும் ஊர் முன்னிலையில் ஒப்பிட்டு வாசித்தார்கள். இறந்துபோனவர் பெயரில் வேலை காட்டியிருந்தால் அவர் தெருக்காரரே எழுந்து சொல்வார். எந்த அலுவலகத் தணிக்கையாலும் அது முடியாது.

கிராம சபை என்றதும் மேடைகளில் உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்வது வழக்கம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. குடவோலை முறையைத்தான் எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். அது நிலமுள்ள பிராமண ஆண்களின் சபை, இன்றைய கிராம சபையோடு அதை ஒப்பிட முடியாது. ஆனால் அந்தக் கல்வெட்டில் இன்றைக்கும் உறைக்கும் ஒரு விதி உண்டு. வாரியம் என்ற நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் பொறுப்புக்கு வர முடியாது.

யார் எழுந்து பேச முடிகிறது?

சட்டம் எல்லோரையும் உறுப்பினர் ஆக்கிவிட்டது. ஆனால் ஆலமரத்தடியில் நாற்காலி யாருக்கு, தரை யாருக்கு என்பதைச் சாதி இன்னும் முடிவு செய்துகொண்டிருக்கிறது. மதுரை மாவட்டம் மேலவளவில், பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனி ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு தனி ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை தேர்தலை முறையாக நடத்தவிடவில்லை. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவர் மன்றக் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்ட படம் வெளிவந்தது 2020இல்.

இது கிராம சபையின் முடிவுகளைத் தொடுகிறது. கூட்டம் ஊர்ப் பக்கமே நடந்தால் காலனி மக்கள் வரத் தயங்குவார்கள். அவர்கள் வராத கூட்டத்தில் காலனியின் குடிநீர்த் தொட்டி பட்டியலின் கடைசிக்குப் போகும். கூட்டம் சுழற்சியில் நடக்க வேண்டும் என்ற விதி இதற்காகத்தான் இருக்கிறது. உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு தமிழ்நாட்டில் 2016இல் வந்தது. சபைக்கு வரும் பெண்களின் எண்ணிக்கையும் குறைவில்லை. மகளிர் சுய உதவிக் குழுக்கள் வழியாக நிறையப் பேர் வருகிறார்கள். ஆனால் வருகைப் பதிவேட்டில் பெண்களின் பெயர் எத்தனை, தீர்மானத்தை முன்மொழிந்தவர்களில் பெண்கள் எத்தனை என்று தனித்தனியாக எண்ணிப் பார்த்தால் இடைவெளி புரிந்துவிடும்.

தலைவர் இல்லாத காலமும், நகரமாகும் ஊரும்

2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. பிறகு தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். இது முதல் தடவை இல்லை, 2016 அக்டோபரிலிருந்து 2019 வரையிலும் இப்படித்தான் இருந்தது. ஒன்பது மாவட்டங்களில் அந்த நிலை 2021 வரை நீண்டது. பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தலை முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்லியும் இது நடக்கிறது. தனி அலுவலர் காலத்திலும் கிராம சபை கூடும், தீர்மானமும் போடலாம். ஆனால் இரண்டாம் வகைத் தீர்மானங்களின் பலம் போய்விடுகிறது. பல ஊராட்சிகளைச் சேர்த்துக் கவனிக்கும் ஓர் அதிகாரியிடம், அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறோம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஊராட்சி நகராட்சியோடோ மாநகராட்சியோடோ இணைந்துவிட்டால் கிராம சபையே மறைந்துவிடும். பேரூராட்சியிலும் அது இல்லை. இணைப்பை எதிர்க்கும் ஊர்கள் வரி உயர்வையும் நூறு நாள் வேலை போவதையும் முன்னால் வைக்கின்றன. சபை போவதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நகர்ப்புறங்களில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. ஆனால் எல்லா வாக்காளரும் ஓரிடத்தில் கூடி மொத்த ஊரின் கணக்கைக் கேட்கும் வசதி அங்கே இல்லை, ஒரு வார்டின் ஒரு துண்டுக்குத்தான் அந்தக் கூட்டம்.

தீர்மானத்தை எழுதும்போது

1. பொருள் பட்டியலில் இல்லாததையும் ‘இதர பொருட்கள்’ என்ற தலைப்பில் முன்மொழியலாம். ஆனாலும் முன்கூட்டியே தலைவரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குவது நல்லது.

2. எந்தச் சட்டம், எந்த விதி என்று தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் அளவையாவது எழுதுங்கள்: சர்வே எண், தூரம், தொகை, தேதி.

3. யார் என்ன செய்ய வேண்டும் என்பதைக் குறிப்பிடுங்கள். ‘அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்ற வரி யாருடைய மேசைக்கும் போகாது. ‘வட்டார வளர்ச்சி அலுவலர் 30 நாளில் அளந்து அறிக்கை தர வேண்டும்’ என்ற வரி போகும்.

4. தீர்மானப் புத்தகத்தில் வெற்று இடம் விடாமல் எழுதி, கூட்டம் கலையும் முன் உரக்க வாசித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வருகைப் பதிவேட்டில் போட்ட கையெழுத்து தீர்மானத்துக்கான கையெழுத்து ஆகாது.

5. நகல் கேளுங்கள். தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு எழுதுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். ‘நம்ம கிராம சபை’ செயலியில் ஏற்றும் விவரங்களும் உங்கள் ஊர்ப் புத்தகத்தில் உள்ள வாசகமும் ஒன்றா என்று அந்த நகலை வைத்து ஒப்பிடலாம். அடுத்த கூட்டம் தொடங்கியதும் முதல் பொருளுக்குப் போவதற்கு முன், போன தடவை எழுதியதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று அந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கலாம்.